உங்கள் போனில் ஒளிந்திருக்கும் 'பி.கே' யார் தெரியுமா? ஜிப் ஃபைலைத் தந்த ஃபில் காட்ஸின் கதை!

உங்க போன்ல ஏதாவது ஒரு ஏ.பி.கே ஃபைல் இருக்கா? இல்லைன்னா ஆபீஸ்ல இருந்து வந்த வேர்டு ஃபைலோ, எக்ஸெல் ஃபைலோ இருந்தாலும் போதும். அதை ஒரு டெக்ஸ்ட் எடிட்டர்ல திறந்து பாருங்க. ஒண்ணுமே புரியாத கிறுக்கலா கொட்டும். பயப்படாதீங்க, போன் ஹேக் ஆகலை. அந்தக் கிறுக்கலின் முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் கவனிங்க. ஆங்கில 'பி', அடுத்து 'கே'.

ஏ.பி.கே-ல வர்ற பி.கே-தானேன்னு நினைச்சுடாதீங்க. வேர்டு, எக்ஸெல், இ-புக் ஃபைல்களிலும் ஆரம்பம் இதே இரண்டு எழுத்துகள்தான். ஏனென்றால், இவை எல்லாமே வேறு வேறு சட்டை போட்ட ஜிப் ஃபைல்கள். அந்த பி.கே, ஒரு மனிதரின் இனிஷியல். ஃபில் காட்ஸ். 37 வயதில், ஒரு மோட்டல் அறையில், தனியாக இறந்துபோனவர்.

இவர் ஹீரோவா, திருடரா? அந்தக் காலத்து கம்ப்யூட்டர் உலகம் இதற்காக இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கதையைக் கேளுங்க, தீர்ப்பை நீங்களே சொல்லுங்க.

ஒரு போட்டோவுக்கு ஆறு மணி நேரம்!

1962-ல் அமெரிக்காவில் பிறந்த ஃபில் காட்ஸின் ஊர், விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி. அதிகம் பேசாத, கூச்ச சுபாவக்காரர். அங்கேயே பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தார். பிறகு ஆலன்-பிராட்லி என்ற நிறுவனத்தில் தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் கன்ட்ரோலர்களுக்கு புரோகிராம் எழுதும் வேலை.

அப்போது இன்டர்நெட் வீடுகளுக்கு வரவில்லை. கம்ப்யூட்டர் பிரியர்கள் கூடும் இடம் பி.பி.எஸ். யாரோ ஒருவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரை டெலிபோன் லைனோடு இணைத்து வைத்திருப்பார். நீங்க மோடத்தில் அந்த நம்பருக்கு டயல் செய்து, மெசேஜ் போடலாம், ஃபைல் எடுக்கலாம், கொடுக்கலாம். நம்ம டெலிகிராம் குரூப்போட தாத்தான்னு வெச்சுக்கோங்க.

ஆனால் வேகம்? 2400 பிட் மோடத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 240 எழுத்துகள்தான் வந்து சேரும். இன்னைக்கு நீங்க எடுக்கிற 5 எம்.பி போட்டோ ஒன்றை அதில் அனுப்பினால், ஆறு மணி நேரம் ஆகும். அதுவரை டெலிபோன் பில் ஓடிக்கிட்டே இருக்கும். வெளியூர் கால் என்றால் சொல்லவே வேண்டாம். ஆக, ஃபைலைச் சுருக்கி அனுப்புவது அன்று வசதி அல்ல, பர்ஸைக் காப்பாற்றும் வழி.

இதற்கு எல்லோரும் பயன்படுத்தியது 'ஆர்க்' என்ற புரோகிராம். 1985-ல் எஸ்.இ.ஏ என்ற நிறுவனம் வெளியிட்டது. பல ஃபைல்களைச் சுருக்கி ஒரே மூட்டையாகக் கட்டித் தரும். அதன் சோர்ஸ் கோடையும் எஸ்.இ.ஏ வெளியே கொடுத்திருந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

ஃபில் காட்ஸும் படித்தார்.

வேகம் கொடுத்த புகழ், கோடு இழுத்த வழக்கு

ஆர்க் நல்ல புரோகிராம்தான். ஆனால் மெதுவானது. காட்ஸ் அதன் முக்கியமான பகுதிகளை, இயந்திரத்துக்கு மிக நெருக்கமான அசெம்ப்ளி மொழியில் திரும்ப எழுதினார். பி.கே.ஆர்க் பிறந்தது. அதே மூட்டையை அவருடைய புரோகிராம் கண்ணிமைக்கும் நேரத்தில் கட்டியது, பிரித்தது. பி.பி.எஸ் உலகம் அப்படியே இந்தப் பக்கம் சாய்ந்தது. 1986-ல் வீட்டிலேயே பி.கே.வேர் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அம்மாவும் கூட நின்றார்.

இங்கேதான் சிக்கல். சோர்ஸ் கோடு கண்ணில் படும்படி இருப்பது வேற, அதை எடுத்து விற்க அனுமதி இருப்பது வேற. கடை வாசலில் வைத்த சரக்கைப் பார்க்கலாம், பை நிறைய அள்ளிக்கொண்டு போக முடியாது இல்லையா? எஸ்.இ.ஏ-வும் அதைத்தான் கேட்டது. 1988-ல் காப்பிரைட், டிரேட்மார்க் மீறல் என்று காட்ஸ் மீது வழக்கு தொடுத்தது.

இரண்டு புரோகிராம்களையும் ஒப்பிட்டுப் பார்த்த நிபுணருக்கு, காட்ஸின் கோடில் பல இடங்கள் ஆர்க்கின் அச்சு அசல் நகலாகத் தெரிந்தன. புரோகிராமர்கள் தங்கள் வசதிக்காக எழுதி வைக்கும் குறிப்புகள், அதில் இருந்த ஸ்பெல்லிங் தப்புகள்கூட அப்படியே இருந்தன. பரீட்சையில் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதியவன் அங்கிருந்த தப்பையும் சேர்த்து எழுதி மாட்டுவானே, அதே கதை.

அந்த ஆண்டே சமரசம் ஆனது. காட்ஸ் தரப்பு 62,500 டாலர் கொடுத்தது. ஆர்க் வகையிலான தன் புரோகிராம்களுக்கு லைசென்ஸ் பெற்று, பிறகு அவற்றைக் கைவிடவும் ஒப்புக்கொண்டது.

சட்டப்படி பார்த்தால் ஜெயித்தது எஸ்.இ.ஏ. ஆனால் மக்கள் மன்றத்தில்? தலைகீழ். ஒரு பெரிய கார்ப்பரேட், தனி ஆளாக உழைக்கும் இளைஞனை நசுக்குகிறது என்று பி.பி.எஸ்-களில் கொந்தளித்தார்கள். ஆர்க்கைத் தூக்கி எறியச் சொல்லிப் பிரசாரம் நடந்தது. உண்மையில் எஸ்.இ.ஏ பெரிய கார்ப்பரேட்டே கிடையாது. விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் நடத்திய சின்னக் குடும்ப நிறுவனம். அதை விசாரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. சோஷியல் மீடியா வருவதற்கு முன்பே டிரெண்டிங் கோபம் வந்துவிட்டது. தன் உழைப்புக்கு உரிமை கேட்ட டாம் ஹென்டர்சன் என்ற புரோகிராமர் வில்லனானார். நகலெடுத்தவர் ஹீரோ ஆனார்.

பூட்டாமல் விட்ட கதவு

கதை இத்தோடு முடிந்திருந்தால், காட்ஸ் இன்று யாருக்கும் ஞாபகம் இருந்திருக்க மாட்டார். அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம்.

ஆர்க் பக்கம் போகக்கூடாது என்று ஆனதும், சொந்தமாக ஒரு புது வடிவத்தை உருவாக்கினார். 1989-ல் வெளிவந்த அதன் பெயர் ஜிப். விர்ரென்று பறக்கும் வேகத்தைக் குறிக்கும் பெயர். இந்த முறை அதன் விவரங்களைப் பூட்டி வைக்கவில்லை. ஜிப் ஃபைல் உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கும், எந்த பைட் எங்கே இருக்கும் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் தெளிவாக எழுதி, புரோகிராமுடன் சேர்த்தே கொடுத்தார். இந்த வடிவத்தை யாரும் பயன்படுத்தலாம், காசு வேண்டாம், கேஸ் வராது என்று அறிவித்தார்.

ஒண்ணு கவனிங்க. அவருடைய பி.கே.ஜிப் புரோகிராம் ஓப்பன் சோர்ஸ் கிடையாது. அது ஷேர்வேர். காப்பி எடுத்து நண்பர்களுக்குக் கொடுக்கலாம், பிடித்திருந்தால் பணம் அனுப்ப வேண்டும். பணம் அனுப்பாமலே பல வருஷம் ஓட்டியவர்கள் ஏராளம். ட்ரையல் முடிந்தும் வின்ரார் பாப்-அப்பை மூடிக்கிட்டே இருக்கிற நமக்கு இது புரியாதா என்ன! ஆனாலும் கம்பெனிகள் லைசென்ஸ் வாங்கின. பி.கே.வேர் நன்றாகவே சம்பாதித்தது.

சோர்ஸ் கோடைக் காட்டிய எஸ்.இ.ஏ-விடம் வடிவத்தின் உரிமை இருந்தது. சோர்ஸ் கோடை மறைத்த காட்ஸ், வடிவத்தின் உரிமையை விட்டுக்கொடுத்தார். காலம் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை.

'மேற்படி' என்ற மந்திரம்

சரி, ஃபைல் எப்படிச் சுருங்குது? பத்திரம் பார்த்திருக்கீங்களா? ஒருமுறை சொத்து விவரம் முழுவதும் எழுதிவிட்டு, அப்புறம் 'மேற்படி சொத்து' என்று முடித்துவிடுவார்கள். அதேதான். ஒரு ஃபைலில் வந்ததே திரும்ப வந்தால், இத்தனை எழுத்துக்கு முன்னால் இருப்பதை இத்தனை எழுத்து எடுத்துக்கொள் என்று ஒரு சின்னக் குறிப்பு போதும். இது 1977-ல் ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஜிவ் என்ற இரண்டு இஸ்ரேல் விஞ்ஞானிகள் வெளியிட்ட யோசனை.

இன்னொரு தந்திரமும் உண்டு. தினமும் பேசுற நண்பனை 'மச்சி'ன்னு முடிச்சுடுறோம். எப்பவாவது பார்க்கிற மேனேஜரைத்தான் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுறோம். அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறியீடு, அபூர்வமாக வருவதற்கு நீளமான குறியீடு. டேவிட் ஹஃப்மன் 1952-ல், மாணவராக இருந்தபோதே தந்த வழி இது.

இரண்டையும் சேர்த்து காட்ஸ் செய்த கலவையின் பெயர் டிஃப்ளேட். 1993-ல் பி.கே.ஜிப்பின் இரண்டாம் பதிப்பில் வந்தது. அதில் தான் கண்டுபிடித்த ஒரு குறிப்பிட்ட தேடல் முறைக்கு பேட்டன்ட்டும் வாங்கியிருந்தார். ஆனால் அந்த முறையைத் தொடாமலே டிஃப்ளேட்டை எழுத முடியும். அந்தக் கதவை மற்றவர்கள் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஜான்-லூ கைலி, மார்க் ஆட்லர் இருவரும் ஜிஜிப், பிறகு இசட்லிப் என்ற இலவச, திறந்த மென்பொருள்களை எழுதினார்கள். ஜிஃப் படங்களின் பேட்டன்ட் தொல்லையில் இருந்து தப்பிக்கப் பிறந்த பி.என்.ஜி படங்களும் இதே டிஃப்ளேட்டில்தான் சுருங்குகின்றன.

நீங்க இன்னைக்கு எடுத்த ஸ்க்ரீன்ஷாட் பி.என்.ஜி-யா? அதில் காட்ஸ் இருக்கிறார். ஒரு புது ஆப் இன்ஸ்டால் செய்தீங்களா? அதிலும் இருக்கிறார்.

கடைசி அறை

உலகம் முழுக்கத் தன் இனிஷியலைப் பதித்தவருக்கு, தன் சொந்த வாழ்க்கையைக் கட்டிக் காப்பாற்றத் தெரியவில்லை. மதுவுக்கு அடிமையானார். கம்பெனி வளர வளர, அவர் அங்கிருந்து விலகிப்போனார். உலகம் டாஸில் இருந்து விண்டோஸுக்கு மாறியபோது பி.கே.வேர் தாமதித்தது. வேறொருவர் எழுதிய வின்ஜிப், அவர் திறந்துவிட்ட அதே ஜிப் வடிவத்தை வைத்தே முன்னால் ஓடியது. வடிவத்தைக் கொடுத்தவரால் அதைத் தடுக்க முடியாது. கொடுத்தது கொடுத்ததுதான்.

2000 ஏப்ரல் 14. மில்வாக்கியில் ஒரு மோட்டல் அறையில் ஃபில் காட்ஸ் இறந்து கிடந்தார். நாள்பட்ட குடிப்பழக்கத்தால் உடல் சிதைந்திருந்தது. வயது 37. உலகில் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்கள் அவர் பெயரின் முதல் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

இப்போ உங்க தீர்ப்பு?

காட்ஸை முழு ஹீரோவாக ஏற்றுக்கொள்ள எனக்கு மனசு வரலை. ஹென்டர்சனின் கோடை அவர் எடுத்தது தப்பு. கூட்டம் கைதட்டியதால் தப்பு சரியாகிவிடாது. கிராக் செய்த ஆப்பை குரூப்பில் ஷேர் செய்யும்போது பெரிய கம்பெனிக்கு என்ன நஷ்டம் என்று நாமும்தானே சொல்லிக்கொள்கிறோம்? அந்த ஆப்புக்குப் பின்னால் ஒரு குடும்பம் மட்டுமே இருக்கலாம் என்பது அப்போது தோன்றுவதில்லை.

ஆனால் திருடர் என்று ஒரே வார்த்தையில் முடிக்கவும் முடியலை. அடுத்தவருடையதை எடுத்தபோது அவருக்குக் கிடைத்தது கொஞ்ச நாள் புகழும் ஒரு வழக்கும். தன்னுடையதைக் கொடுத்தபோது கிடைத்தது, முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் அழியாத இடம். எடுப்பதும் பகிர்வதும் வெளியே பார்க்க ஒரே மாதிரி தெரியும். யாருடையது, யார் அனுமதித்தது என்ற ஒரே கேள்வியில்தான் இரண்டும் பிரிகின்றன.

அடுத்த முறை ஏதாவது ஒரு ஜிப் ஃபைலைத் திறக்கும்போது ஒரு நொடி நில்லுங்க. உள்ளே முதல் வரியில், பி.கே என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.