இரண்டாவது பெயர்



ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அன்னிக்கு பிரேயரில் சர் சி.வி.ராமனைப் பற்றிப் பேசுவாங்க. ராமன் விளைவு நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1928 மார்ச் 31-ல் ‘நேச்சர்’ இதழில் அதைப் பற்றி வந்த கட்டுரையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. இரண்டாவது பெயர் யாருடையது தெரியுமா? கே.எஸ்.கிருஷ்ணன். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இவரும் நம்ம தமிழ்நாட்டுக்காரர்தான். இப்போதைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4-ல் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார். 1923-ல் கல்கத்தாவில் ராமனிடம் ஆய்வாளராகச் சேர்ந்தார். 1928 பிப்ரவரியில் சூரிய ஒளியை திரவங்களுக்குள் செலுத்தி, சிதறி வரும் ஒளியில் புது நிறம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒன்றிரண்டு இல்லை, சுமார் 60 திரவங்கள்! 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. கிருஷ்ணனுக்கும் பங்கு தந்திருக்கலாமே என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு.

கிருஷ்ணன் அதோடு நின்றுவிடவில்லை. எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான். 1928 முடிவில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே சாந்திலால் பானர்ஜி என்பவரோடு சேர்ந்து, படிகங்களின் காந்தத் தன்மையை அளக்க ஆரம்பித்தார்.

அது என்னன்னு சொல்றேன். நாம கிரிவலம் போகும்போது, நம்ம மலை ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வேற வேற மாதிரி தெரியும் இல்லையா? படிகமும் அப்படித்தான். ஒரு திசையில் காந்தத்துக்கு ஒரு மாதிரியும், இன்னொரு திசையில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். அந்த வித்தியாசம் ரொம்பச் சின்னது. அதை எப்படி அளப்பது? படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவில் தொங்கவிட்டார்கள். ஊஞ்சல் கயிற்றை முறுக்குவது போல இழையை மேலிருந்து முறுக்கிக்கொண்டே போனார்கள். படிகம் பிடிவாதமாகக் கொஞ்சம்தான் திரும்பும். ஒரு கட்டத்தில் சட்டென்று சுழன்றுவிடும். அதுவரை எவ்வளவு முறுக்கினோம் என்பதை வைத்துக் கணக்குப் போட்டால் விடை வந்துவிடும். எவ்வளவு எளிமை பாருங்கள்!

இந்த அளவை வைத்து, படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்று சொல்ல முடிந்தது. நம்ம வீட்டு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீனையும் அவர் விடவில்லை. லண்டனில் எக்ஸ்-கதிர் மூலம் படிகங்களை ஆராய்ந்த கேத்லீன் லான்ஸ்டேல் அம்மையாரும் கிருஷ்ணனும் சேர்ந்து 1936-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1941-ல் கங்குலி என்பவரோடு கிராபைட் பற்றி எழுதினார். கிராபைட் வேற ஒண்ணுமில்லை, நம்ம பென்சிலுக்குள் இருக்கும் கருப்புதான்.

விஞ்ஞானிகளிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. யாருடைய கட்டுரை தனக்கு உதவியதோ, அவர் பெயரைத் தன் கட்டுரையில் குறிப்பிட வேண்டும். அதற்கு மேற்கோள் என்று பெயர். கிராபைட்டின் காந்தத் தன்மையை ஆராய்கிறவர்கள், அவர் மறைந்து இத்தனை வருஷம் கழித்தும் அந்த 1941 கட்டுரையைக் குறிப்பிடுகிறார்கள். பரிசு ஒரே நாளில் கொடுத்து முடிகிற விஷயம். மேற்கோள் அப்படி இல்லை, படிக்கிறவன் இருக்கும்வரை தொடரும்.

1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1954-ல் பத்மபூஷண். 1958-ல் முதல் பட்நாகர் விருது. தமிழிலும் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். 1961 ஜூனில், 62 வயதில் மறைந்தார். அந்த ஆய்வகம் இருக்கும் சாலைக்கு இன்று அவர் பெயர்தான்.

இதையெல்லாம் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. கண்காட்சிக்கு மாடல் செய்யும்போது சார்ட்டில் யார் பெயர் முதலில் என்று நாம சண்டை போடுவோம். கிருஷ்ணன் தன் கட்டுரைகளில் மாணவர்களின் பெயரையும் தன் பெயரோடு சேர்த்தே போட்டார். பானர்ஜி, கங்குலி பெயர்கள் நமக்குத் தெரிய வந்ததே அதனால்தான். அடுத்த பிப்ரவரி 28-ல் ராமன் பெயரோடு கிருஷ்ணன் பெயரையும் சொல்வோமா நண்பர்களே?

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்