படத்தோடு பாடம் தந்த அகதி

1592இல் மொராவியாவில் பிறந்த கொமேனியஸும் எங்களைப்போல ஒரு அகதிதான். 1622இல் கொள்ளைநோய்க்கு மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தார். மதத்தின் பேரால் துரத்தப்பட்டு 1628இல் போலந்துக்குப் போனார். அங்கே 1656இல் லெஸ்னோ நகரம் எரிந்தபோது எழுதிவைத்ததில் பெரும்பகுதி சாம்பலாப் போச்சு. மனுசன் சோரவில்லை. 1658இல் நூரன்பேர்க்கில் அவருடைய படப்புத்தகம் வெளிவந்தது. ஏறத்தாழ 150 பாடம், பாடத்துக்கொரு படம். காகமும் ஆடும் கத்துற சத்தத்தோட விளையாட்டாகவே எழுத்துப் பழக்கினார். பள்ளிக்கூடத்து இலத்தீனுக்குப் பக்கத்திலேயே வீட்டு மொழியான ஜேர்மனையும் வைத்தார். 1670இல் அம்ஸ்ரர்டாமில் அகதியாகவே கண்மூடினார்.

தொழிற்சாலை வேலையால களைச்சு வந்தாலும், நானும் ஒரு படம் கீறி, இரண்டு மொழியிலும் பேர் எழுதி, பிள்ளையோட விளையாடுறன். எங்கட பிள்ளையளிட்ட தமிழ் தங்கவேணுமெண்டால், இந்தப் புத்தாண்டில் நீங்களும் தொடங்குங்கோ.