தேவசகாயத்தின் நான்கு ஆண்டுகள்



புனித தேவசகாயத்தின் வேதசாட்சிய மரணத்தை நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். எருமை மாட்டின்மேல் பின்னோக்கி உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றதும், பெருவிளையில் வேப்ப மரத்தில் கட்டி வைத்ததும், 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றதும் நம் சிறுவர்களுக்குக்கூடத் தெரியும். ஆகவே அவற்றை நான் விரித்துரைக்கப் போவதில்லை. அவர் ஞானஸ்நானம் பெற்ற நாளுக்கும் சிறைப்பட்ட நாளுக்கும் நடுவே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இருந்தன. அவற்றைப் பற்றி நம் பிரசங்கங்களில் அதிகம் பேசுவதில்லை. வீடும் வேலையும் உறவுமாக நம்மைப் போல அவர் வாழ்ந்த காலம் அதுவே.

1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் நட்டாலத்தில், செல்வாக்குள்ள உயர்சாதிக் குடும்பத்தில் பிறந்தவர் நீலகண்டன். மார்த்தாண்ட வர்மா மன்னரின் ஆட்சியில் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல் பார்த்தார். 1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. சிறைப்பட்ட படைத்தலைவர் டிலனாய் பின்னர் மன்னரிடமே பணியில் அமர்ந்து, அவருடைய சேனைக்குப் பயிற்சி அளித்தார். டிலனாய் கத்தோலிக்கர். வீட்டில் அடுத்தடுத்து நேர்ந்த நட்டங்களால் மனமுடைந்திருந்த நீலகண்டனுக்கு அவர் யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார். ஒரு குருவானவரோ உபதேசியாரோ அல்ல, உடன் வேலை செய்த ஒருவரே வேதத்தை முதலில் எடுத்துச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். கூட வேலை செய்கிறவன் முகம் வாடியிருப்பதைக் கண்டு, ஏன் என்று கேட்க அவருக்கு நேரம் இருந்தது!

1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி சுவாமிகள் கையால் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்று, லாசர் என்னும் பெயரின் தமிழ் வடிவமாகிய தேவசகாயம் என்று பெயர் கொண்டார். பின்னர் அவர் மனைவி பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

இனி அவர் செய்தது என்ன? துறவறம் பூணவில்லை, காட்டுக்குப் போகவில்லை. அதே மனைவியோடு குடும்பம் நடத்தினார், அதே அரண்மனையில் வேலைக்குப் போனார். மாறியது அவர் யாரோடு பழகினார், யாரோடு உண்டார் என்பதுதான். தாழ்ந்தவர் என்று தள்ளி வைக்கப்பட்ட கிறிஸ்தவர்களோடு ஒன்றாக இருந்தார், ஒன்றாக உண்டார். சாதி வேறுபாடு இன்றி எல்லாரும் சமம் என்று வெளிப்படையாகப் பேசினார். எட்டி நிற்க வேண்டியவர் இத்தனை அடி தூரத்தில் நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த அந்நாளில் இது சிறு காரியம் அன்று. தனியறையில் முழங்காலிட்டு ஜெபித்திருந்தால் பலர் பொறுத்துக்கொண்டிருக்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. சோற்றுப் பந்தியில் அவர் உட்கார்ந்த இடத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. இராசத் துரோகம், வேவு பார்த்தல் என்று பொய்க் குற்றங்கள் சுமத்தி, பதவியைப் பறித்து, 1749-இல் சிறைப்படுத்தினார்கள். விசுவாசத்தை மறுதலித்தால் விடுதலை உண்டு என்றபோதும் அவர் மறுத்துவிட்டார்.

இங்கே மனத்துக்குக் கசப்பான ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட கோயிலில், சாதிக்கு ஒரு பக்கமாகக் கிறிஸ்தவர்களைப் பிரித்து நடுவே சுவர் நின்றது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது இடிக்கப்பட்டது. அதுவும் எளிதில் நடந்துவிடவில்லை. வெளியார் அல்ல, ஞானஸ்நானம் பெற்ற நாமே எழுப்பிய சுவர் அது. கல்யாணப் பந்தியிலும் பெண் பார்க்கும் பேச்சிலும் கல்லறைத் தோட்டத்திலும் அச்சுவரின் கற்கள் இன்னும் கிடக்கின்றனவா என்பதை அவரவர் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவரே. அதற்கு முன்னரே, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை நீக்க வேண்டும் என்று எழுந்த வேண்டுகோளை உரோமை ஏற்றுக்கொண்டது. ஆகவே பீடத்தில் அவர் வெறும் தேவசகாயமாகவே இருக்கிறார். அவர் எலும்புகள் கோட்டாறு புனித சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டுள்ளன.

ஞானப்பூ அம்மாளுக்குப் பட்டமும் இல்லை, பெருவிழாவும் இல்லை. கணவர் இறந்தபின் சொந்த ஊருக்குத் திரும்பாமல், விசுவாசத்தைக் காத்து வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து, அங்கேயே மண்ணுக்குள் போனார்.