ஓவன் கண்ட பெரும்பறவை

இங்கிலாந்து தேசத்து லங்காஸ்டர் நகரில் 1804-ஆம் ஆண்டு பிறந்த ரிச்சர்டு ஓவன், இளமையிலேயே தந்தையை இழந்து, இரண வைத்தியர் ஒருவரிடம் மாணாக்கராய் அமர்ந்தார். பின்னர் லண்டன் மாநகரில் இரண வைத்தியர் கல்லூரியின் காட்சிசாலையைச் சார்ந்து, ஆங்குக் குவிந்து கிடந்த ஆயிரக்கணக்கான பிராணி அங்கங்களை வகைப்படுத்தும் பணியை மேற்கொண்டார். மிருகக்காட்சி வனத்தில் இறந்த பிராணிகள் பலவும் அவர் மேசைக்கே வந்துசேரும். அவர்தம் மனைவியார் இதனை எங்ஙனம் பொறுத்தனரோ!

1839-ஆம் ஆண்டில் ரூல் என்னும் வைத்தியர் நியூஸிலாந்திலிருந்து வந்ததோர் எலும்புத் துண்டை விற்கக் கொணர்ந்தார். இரு முனையும் ஒடிந்து ஆறங்குலமே எஞ்சிய அதனை, அடுக்களையிற் கழித்த மாட்டெலும்பென்றே ஓவன் முதலில் எண்ணினார். ஆயினும் பல பிராணிகளின் எலும்புகளோடு ஒப்புநோக்க, எதனோடும் அது பொருந்தவில்லை. உட்புறத்து வலைப்பின்னல் பறவையின் எலும்பெனக் காட்டிற்று. காற்று நிறைந்து இலேசாதற்குரிய அமைப்போ அதனிடத்து இல்லை. ஆகவே, இது பறக்கவியலாத பெரும்பறவை ஒன்றன் தொடையெலும்பு. அப்பறவை தீக்கோழிக்கு நிகரான பருமனுடையது எனத் துணிந்தார்.

விலங்கியற் சங்கத்தார் தயங்கினர். பொறுப்பு முழுதும் ஆசிரியருடையதே என்னும் நிபந்தனையின் மேலேயே 1840-இல் அதனை அச்சிட இசைந்தனர். ஓவனின் நற்பெயர் அனைத்தும் அவ்வாறங்குல எலும்பின்மேல் நின்றது. கட்டுரையின் பிரதிகளை நியூஸிலாந்துக்கு அனுப்பிவிட்டு அவர் காத்திருந்தார்.

1843-ஆம் ஆண்டில், அத்தீவில் ஊழியஞ்செய்த வில்லியம் வில்லியம்ஸ் என்னும் மிஷனரி அனுப்பிய பெட்டி, பேராசிரியர் பக்லண்டு வாயிலாக அவர் கைக்கு எட்டிற்று. திறந்தால் உள்ளே அப்பறவையின் எலும்புகள்! முன்னாண்டில் டைனோசர் என்னும் பெயரைப் படைத்தவர், அதே கிரேக்கச் சொல்லைக்கொண்டு இதற்கும் டைனோர்னிஸ் எனப் பெயரிட்டார்; அச்சந்தரும் பறவை என்பது பொருள். அந்நாட்டு மாவோரி மக்களோ முன்னமே அதனை மோவா என்று வழங்கிவந்தனர்.

பின்னர் வந்த எலும்புகளை அளவு நோக்கிப் பல இனங்களாகப் பிரித்ததில் அவர் வழுவினார். 2003-ஆம் ஆண்டில் பழைய எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்தோர், டைனோர்னிஸ் வகையில் அவர் வேறுபடுத்திய பேருருவும் சிற்றுருவும் முறையே பெடையும் சேவலுமே எனக் கண்டனர். இது அவர் காலத்துக் கருவிகளின் குறை. புகழைப் பகிர்ந்துகொள்ள மனமின்மையோ அவருடைய சொந்தக் குறை. நியூஸிலாந்தில் மிஷன் அச்சகம் நடத்திய கோலன்சோ, 1842-இல் தாமே மோவாவை ஆராய்ந்து எழுதியவர். அவர் பெயரை இன்று அறிவார் சிலரே.

1892-இல் காலஞ்சென்ற ஓவனின் நிழற்படம் ஒன்று உளது. தம்மினும் நெடிதுயர்ந்த மோவாவின் எலும்புக்கூட்டருகே அம்முதியவர் நிற்கின்றார். கையில் அந்த ஆறங்குலத் துண்டு.