காட்டை அழித்தால் மழை குறையுமா? 1849-லேயே வாதாடிய எழும்பூர் மியூசியம் டாக்டர்

பருவமழை ஒரு வருஷம் ஏமாற்றினால் போதும், நாஞ்சில் நாட்டில் பேச்சு மலைப்பக்கம் திரும்பிவிடும். மரத்தை வெட்டி, பாறையை உடைத்துக்கொண்டு போனால் மழை எங்கிருந்து வரும் என்பார் ஒருவர். மழை கடலிலிருந்து வருகிறது, மரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பார் இன்னொருவர். 2017-ல் ஒக்கி புயல் கன்னியாகுமரியைப் புரட்டிப் போட்ட பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. பருவநிலையையே மாற்றுகிற அளவுக்கு மனுஷனுக்குச் சக்தி உண்டா?

இந்த வாதம் புதுசு இல்லை. 175 வருஷங்களுக்கு முன்பே மெட்ராஸில் அரசாங்க அளவில் நடந்திருக்கிறது. அதன் நடுவில் இருந்தவர் ஒரு டாக்டர். பெயர் எட்வர்ட் பால்ஃபர். எழும்பூர் அருங்காட்சியகம் தொடங்கக் காரணமானவர் என்ற அளவில் அவரைத் தெரிந்தவர்கள் உண்டு. மழையைப் பற்றி அவர் நடத்திய வாதம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

யார் இந்த பால்ஃபர்?

1813-ல் ஸ்காட்லாந்தின் மாண்ட்ரோஸ் நகரில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு, 1834-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவப் பணிக்காக மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்தார். வரும் வழியில் கப்பல் மொரீஷியஸ் தீவில் நின்றது. கரும்புக்காகக் காடுகள் அழிக்கப்பட்டிருந்த தீவு அது.

இங்கே வந்ததும் ராணுவ டாக்டர் வேலை. படைவீரர்கள் எந்த ஊரில் எவ்வளவு பேர் நோயில் விழுகிறார்கள், எவ்வளவு பேர் சாகிறார்கள் என்று புள்ளிவிவரம் சேர்க்கத் தொடங்கினார். இடமும் தண்ணீரும் காற்றும் உடம்பை எப்படிப் பாதிக்கின்றன என்பதே அவருடைய கேள்வி. ஹிந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றுக்கொண்டார்.

1851-ல் மெட்ராஸ் அருங்காட்சியகம் அவர் பொறுப்பில் தொடங்கியது. 1855-ல் அதே வளாகத்தில் மிருகக்காட்சி சாலையும் வந்தது. கர்நாடக நவாபிடம் பேசி, அவர் வளர்த்த விலங்குகளை வாங்கிச் சேர்த்தார். கூட்டம் அலைமோதியது. இன்றைய வண்டலூர் பூங்காவின் ஆரம்பப் புள்ளி அதுதான். 1857-ல் இந்தியாவைப் பற்றி ஒரு கலைக்களஞ்சியமும் வெளியிட்டார்.

1849 கட்டுரையில் என்ன இருந்தது?

1840-களின் கடைசியில், மரங்களுக்கும் தட்பவெப்பத்துக்கும் என்ன தொடர்பு என்று லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் இந்தியாவிலுள்ள தங்கள் அரசுகளைக் கேட்டார்கள். பல இடங்களிலிருந்து அறிக்கைகள் வந்தன. பால்ஃபர் 1849-ல் மெட்ராஸ் அறிவியல் இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்.

அவர் வாதம் சிம்பிளானது. மரம் நிலத்துக்கு நிழல் தருகிறது, வேர் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, இலை ஈரத்தைக் காற்றில் விடுகிறது. மலையை மொட்டையடித்தால் பெய்கிற மழை ஒரேயடியாக ஓடிவிடும், ஊற்றுகள் வற்றும், மழையும் குறையும். மழை குறைந்தால் பஞ்சம், பஞ்சத்தின் பின்னால் நோய். ஒரு டாக்டர் காட்டைப் பற்றி எழுதியது இதனால்தான். நோயாளியை மட்டும் பார்த்தால் போதாது, நோய் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

எதிர்த்தவர்கள் யார், ஏன்?

முதல் எதிர்ப்பு அறிவியல் சார்ந்தது. இதற்கு அன்றைய தென் திருவிதாங்கூரே நல்ல உதாரணம். கன்னியாகுமரி மாவட்டம் 1956-ல்தான் தமிழ்நாட்டோடு இணைந்தது. பால்ஃபர் காலத்தில் அது திருவிதாங்கூர் மன்னரின் நாடு. அங்கே பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஜெனரல் வில்லியம் கல்லன் பல இடங்களில் மழைமானிகள் வைத்து அளந்தவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் வெடிப்பலா மரத்துக்கு கல்லீனியா என்ற அறிவியல் பெயர் இவர் நினைவாக வந்ததுதான்.

மேற்குக் கரையில் தெற்கே வர வர மழை குறைகிறது. திருவனந்தபுரத்தைவிடக் குமரிமுனையில் ரொம்பக் குறைவு. அதே நேரம் சில மைல் தள்ளியிருக்கும் மலைகளில் கொட்டித் தீர்க்கிறது. இதைப் பார்க்கிற எவருக்கும், மழையைத் தீர்மானிப்பது கடல்காற்றும் மலையின் உயரமும்தான், மரம் இல்லை என்று தோன்றும். மலை ஈரமாக இருப்பதால் காடு வளர்ந்ததா, காடு இருப்பதால் மலை ஈரமாக இருக்கிறதா? அன்று கையிலிருந்த சில வருஷக் கணக்கை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது எதிர்ப்பு பணம் சார்ந்தது. கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் மரம் வேண்டும். காட்டைத் திருத்தி விவசாய நிலமாக்கினால் அரசுக்கு வரி வரும். 1860-களில் நாகர்கோவிலுக்கு வடக்கே அசம்பு மலையில் காட்டை வெட்டி காபித் தோட்டங்கள் போட்டார்கள். பிறகு இலை நோய் வந்து காபியை அழித்தது. வெட்டிய காடு வெட்டியதுதான்.

மூன்றாவது எதிர்ப்பு நியாயமானது. காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி மக்களின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்று மெட்ராஸ் வருவாய் அதிகாரிகள் பலர் வாதாடினார்கள். விறகும் தழையும் மேய்ச்சலும் கிராமத்துக்குக் காலங்காலமாகச் சொந்தம். 1856-ல் ஹியூ கிளெக்கார்ன் தலைமையில் வனத்துறை வந்தது. 1882-ல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. இவற்றுக்கான நியாயங்களில் ஒன்றாக மழை வாதமும் இருந்தது. கடைசியில் கட்டுப்பாடு அதிகம் விழுந்தது தோட்ட முதலாளிகள் மேல் இல்லை, ஆடு மேய்த்தவர்கள் மேலும் மலைவாழ் மக்கள் மேலும்தான்.

தாது வருஷப் பஞ்சம்

1871 முதல் 1876 வரை பால்ஃபர் மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தார். 1875-ல் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்கள் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்கள். பெண்களுக்கு மருத்துவப் படிப்பு எதற்கு என்று பலர் கேட்ட காலத்தில் கதவைத் திறந்துவிட்டவர்களில் இவரும் ஒருவர்.

அவர் ஓய்வு பெற்ற 1876-லேயே பஞ்சம் தொடங்கியது. மக்கள் வாயில் அது தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். அதன் பிறகு அமைந்த பஞ்ச ஆணையத்துக்கு, மரங்களும் தட்பவெப்பமும் பற்றிய தன் வாதத்தை பால்ஃபர் மறுபடியும் எழுதிக் கொடுத்தார். சுமார் முப்பது வருஷமாக அவர் விடாமல் சொன்னது அது. 1889-ல் லண்டனில் இறந்தார்.

கடைசியில் யார் சொன்னது சரி?

பாதி அவர், பாதி எதிர்த்தவர்கள். 1910-ல் இந்திய வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் பழைய மழைப் பதிவுகளை அலசிப் பார்த்தார். இந்தியாவின் மழை நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடிவு சொன்னார். 1877 வறட்சிக்கும் முக்கியக் காரணம் பசிபிக் கடலில் உருவான பலமான எல் நினோ என்று இப்போது தெரிகிறது. பால்ஃபர் மழைக்குக் கொடுத்த விளக்கம் போதாது.

ஆனால் ஊற்று, மண், நீரோட்டம் பற்றி அவர் சொன்னது நிலைத்துவிட்டது. மழை விஷயத்திலும் அவரை முழுசாகத் தள்ள முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் காற்றில் விடும் ஈரம், தென்மேற்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் மழையில் கணிசமான பங்கு வகிக்கிறது என்று ஐ.ஐ.டி. பாம்பே ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

இன்றைய வாதமும் இதே மாதிரிதானா?

இல்லை. வித்தியாசம் இங்கேதான். விஞ்ஞானிகள் அன்றும் தப்பாகச் சொன்னார்கள், இன்றும் அப்படித்தான் என்று பால்ஃபர் கதையை வைத்துச் சொல்லிவிட முடியாது. அன்று அளவீடுகள் குறைவு. இருந்த தரவு இரண்டு பக்கமும் இழுத்தது, அதனால் விஞ்ஞானிகளே பிரிந்து நின்றார்கள்.

புவி வெப்பமாதலில் நிலைமை வேறு. கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்பதை 1859-ல் ஜான் டிண்டல் ஆய்வகத்தில் அளந்து காட்டினார். 1896-ல் ஸ்வாந்தே அரீனியஸ், அது கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட்டார். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு சுமார் 280 பங்காக இருந்த அந்த வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. வெப்பமாதலுக்கு மனிதர்களே காரணம் என்பதில் சந்தேகமில்லை என்று ஐ.நா.வின் ஐபிசிசி 2021-ல் அறிவித்தது. சண்டை ஒரு கட்டத்தில் முடிந்தது, அதை முடித்தது அளவீடு.

முடியாமல் இருப்பது பால்ஃபர் காலத்தின் மூன்றாவது கேள்வி. காப்பாற்றுவதற்கான விலையை யார் கொடுப்பது? அன்று மேய்ச்சல்காரரும் மலைவாழ் மக்களும் கொடுத்தார்கள். இன்று கடலுக்குப் போகும் குமரி மீனவரும், அணைத் தண்ணீரை நம்பி நெல் போடும் நாஞ்சில் விவசாயியும் முதல் வரிசையில் நிற்கிறார்கள். இந்தக் கேள்விக்கு மழைமானியில் பதில் கிடைக்காது.