சலவைத் தொட்டியிலிருந்து தொழிற்கூடத்திற்கு: மேடம் சி.ஜே. வாக்கரும் தூய்மையின் அரசியலும்

ஒடுக்கப்பட்ட மக்களை அழுக்கானவர்கள் என்று இகழ்வது ஆதிக்கச் சமூகங்களின் பழைய வழக்கம். அந்த இகழ்ச்சி இரண்டு உண்மைகளை மறைக்கிறது. பிறருடைய அழுக்கை அகற்றும் உழைப்பு அம்மக்கள் மீதே சுமத்தப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. தங்கள் உடலைத் தூய்மையாக வைத்துக்கொள்ளத் தேவையான நீரும் நேரமும் பொருளும் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருக்கின்றன என்பது மற்றொன்று. அமெரிக்காவில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் வெள்ளையரின் துணிகளைத் துவைத்த ஒரு கறுப்பினப் பெண், இவ்விரு உண்மைகளையும் தம் உடலிலேயே அனுபவித்தார். அந்த அனுபவத்திலிருந்து அவர் உருவாக்கிய தலைக்களிம்பும் ஷாம்பூவும் அவரைத் தம் காலத்தின் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக உயர்த்தின. மேடம் சி.ஜே. வாக்கர் என்று உலகம் அறிந்த அவருடைய இயற்பெயர் சாரா பிரீட்லவ்.

இவரது வாழ்வைத் தனிமனித வெற்றிக் கதையாகச் சொல்லுவதே பெருவழக்கு. வறுமையில் பிறந்தார், கடுமையாக உழைத்தார், செல்வரானார் என்ற அந்தக் கதை முதலாளியத்திற்கு உவப்பானது. ஆனால் அந்தச் சிறிய தகரக் குப்பியைச் சுற்றி என்னென்ன நிகழ்ந்தன என்பதைக் கூர்ந்து நோக்கினால், விடுதலை அரசியலுக்குப் பயன்படக்கூடிய வேறொரு வரலாறு கிடைக்கும்.

பருத்திக் காட்டில் பிறந்தவர்

சாரா 1867 டிசம்பர் 23 அன்று லூயிசியானா மாநிலத்தின் டெல்டா என்னும் சிற்றூரில், ஒரு பருத்தித் தோட்டத்தில் பிறந்தார். அவருடைய பெற்றோர் ஓவனும் மினெர்வாவும் அதே தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு அக்குடும்பத்தில் சுதந்திரமாகப் பிறந்த முதல் குழந்தை சாரா. சட்டம் விடுதலை அளித்தது, நிலத்தை அளிக்கவில்லை. நேற்றுவரை அடிமையாக உழுத மண்ணில் இன்று வாரக்குடியாக உழுவதே பெற்றோருக்கு வாய்த்த விடுதலை.

ஏழு வயதில் பெற்றோர் இருவரையும் இழந்த சாரா, அக்காள் லூவேனியாவுடன் மிசிசிப்பி ஆற்றுக்கு அக்கரையிலுள்ள விக்ஸ்பர்க் நகருக்குச் சென்று வீட்டு வேலை செய்தார். அக்காள் கணவரின் கொடுமையிலிருந்து தப்புவதற்காகவே 14 வயதில் மோசஸ் மெக்வில்லியம்ஸ் என்பவரை மணந்தார். 1885இல் லீலியா என்னும் மகள் பிறந்தாள். இரண்டே ஆண்டுகளில் கணவர் இறந்தார். 20 வயதில் கைம்பெண்ணாகக் கைக்குழந்தையோடு நின்ற சாரா, தம் சகோதரர்கள் முடிதிருத்தும் தொழில் செய்துவந்த செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்றார்.

அங்கே அவருக்குக் கிடைத்தது சலவை வேலை. கொதிக்கும் நீர், தோலை அரிக்கும் காரச் சோப்பு, துணி தேய்க்கும் பலகை, நாள் முழுவதும் நீராவி. இவற்றுக்கு ஈடாக நாளொன்றுக்கு ஒரு டாலரைச் சற்றே தாண்டும் கூலி. அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து மகளை டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் கல்லூரிக்கு அனுப்பினார்.

உதிர்ந்த முடியும் வராத தண்ணீரும்

1890களில் சாராவின் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிரத் தொடங்கியது. அன்றைய அமெரிக்காவில் இது பரவலான துன்பம். பெரும்பாலான வீடுகளுக்குள் தண்ணீர்க் குழாய் இல்லை. மாதத்திற்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பதே பலருக்கு வழக்கமாக இருந்தது; குளிர்காலத்தில் அதுவும் இல்லை. பொடுகு முற்றிச் செதிலாகப் படிந்து, பேன் பற்றி, தலைத்தோல் புண்ணாகி முடி கொட்டியது. துணி துவைக்கும் காரச் சோப்பையே தலைக்கும் பயன்படுத்தியோருக்கு நோய் மேலும் முற்றியது. வெள்ளையரிலும் பலர் இதற்கு ஆளாயினர். ஆனால் ஒரு வெள்ளைப் பெண்ணின் முடி உதிர்ந்தால் அது நோய் எனப்பட்டது. கறுப்பினப் பெண்ணின் முடி உதிர்ந்தால் அது அவள் இனத்தின் இயல்பு எனப்பட்டது. அக்காலப் பத்திரிகைகளில், கறுப்புத் தோலை வெளுக்கச் செய்வதாக வாக்களிக்கும் விளம்பரங்களும் மலிந்திருந்தன.

தீர்வைத் தேடிய சாராவுக்கு, ஆனி டர்ன்போ மலோன் என்னும் கறுப்பினப் பெண் தொழில்முனைவோரின் தயாரிப்புகள் அறிமுகமாயின. ஏறத்தாழ 1904 முதல் அவற்றை வீடுவீடாக விற்கும் முகவராகவும் பணியாற்றினார். 1905இல் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்தார். கையில் இருந்த சேமிப்பு ஒன்றரை டாலர் என்று கூறப்படுகிறது. சமையல் வேலை பார்த்துக்கொண்டே தமக்கெனச் சொந்தக் களிம்பு ஒன்றை உருவாக்கினார். 1906 ஜனவரியில் செய்தித்தாள் விளம்பர முகவரான சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்தார். அந்த ஆண்டிலேயே மேடம் சி.ஜே. வாக்கர் என்ற பெயரில் விற்பனையைத் தொடங்கினார்.

அந்தப் பெயரிலேயே ஓர் எதிர்ப்பு இருந்தது. கறுப்பினப் பெண்களை அவர்களின் வயது எதுவாயினும் முதற்பெயர் சொல்லியோ ஆயாவை விளிப்பதுபோலவோ அழைப்பது அன்றைய வெள்ளையரின் வழக்கம். மேடம் என்று தொடங்கி, முதற்பெயரை வெறும் எழுத்துகளுக்குள் மறைத்துக்கொண்ட அப்பெயர், அவ்வாறு அழைக்க எவருக்கும் இடம் தரவில்லை. அவரை இழிவாக அழைக்க விரும்பியவரும் குப்பியின் மேலிருந்த பெயரை மரியாதையோடுதான் உச்சரிக்க வேண்டியிருந்தது.

களிம்புக்குள் இருந்தது என்ன?

வாக்கரின் களிம்பில் மந்திரம் எதுவும் இல்லை. பெட்ரோலியக் களிம்பு, தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய், கந்தகம், மயில்துத்தம் ஆகியவை அதன் முதன்மைக் கூறுகள். கந்தகம் செதில்களை இளகச் செய்து பூஞ்சையையும் கிருமிகளையும் கட்டுப்படுத்தும். பெட்ரோலியக் களிம்பும் எண்ணெயும் தோலின் ஈரம் வெளியேறாமல் காக்கும். தேன்மெழுகு களிம்புக்குக் கெட்டித்தன்மை தரும். கந்தகத்தின் வாடையை மறைக்க வயலட் மலரின் நறுமணம் சேர்க்கப்பட்டது.

தோல் நோய்க்குக் கந்தகத்தைப் பூசுவது நெடுங்காலமாக அறியப்பட்ட மருத்துவம். மலோனும் ஒத்த தன்மையுடைய பொருளையே விற்றார். தம்மைப் பார்த்துப் பிறர் போலி செய்வதாக அவர் பத்திரிகைகளில் எச்சரித்ததும் உண்டு. சூடேற்றிய சீப்பைக் கண்டுபிடித்தவர் வாக்கர் என்று இன்றும் பலர் எழுதுகின்றனர். அது பிழை. அவர் தொழில் தொடங்குவதற்கு முன்பே அத்தகைய சீப்புகள் ஐரோப்பாவில் புழக்கத்தில் இருந்தன.

எனில் அவர் உருவாக்கியது எது? களிம்பைத் தனிப்பொருளாக விற்காமல், ஒரு முறையாக அவர் வகுத்தார். முதலில் ஷாம்பூவால் தலைத்தோலை நன்கு கழுவ வேண்டும். அடிக்கடி கழுவ வேண்டும். பிறகு களிம்பைத் தேய்க்க வேண்டும். அதன் பின்னரே எண்ணெயும் சீப்பும். நோயைத் தீர்த்ததில் களிம்புக்கு இருந்த பங்கு அளவுக்குக் கழுவுதலுக்கும் பங்கு இருந்தது. அழுக்கு பிறப்போடு வருவதென்று நம்பவைக்கப்பட்ட பெண்களுக்கு, அது தண்ணீராலும் பராமரிப்பாலும் தீரக்கூடிய நிலைமை என்று அந்த முறை காட்டியது.

முகவர்கள் என்னும் இயக்கம்

1908இல் பிட்ஸ்பர்க் நகரில் மகளின் பெயரால் லீலியா கல்லூரி என்னும் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1910இல் இண்டியானாபோலிஸ் நகரில் தலைமையகமும் தொழிற்கூடமும் அமைந்தன. வெள்ளை மேற்சட்டையும் நீண்ட கறுப்புப் பாவாடையும் அணிந்து, கையில் கறுப்புப் பையோடு வாக்கர் முகவர்கள் வீடுவீடாகச் சென்றனர். பயிற்சி பெற்ற பெண்களின் எண்ணிக்கை பல்லாயிரம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. 1913இல் கியூபா, ஜமைக்கா, ஹைத்தி, கோஸ்டா ரிகா, பனாமா ஆகிய நாடுகளுக்கும் வாக்கர் பயணம் செய்தார்.

வயல் வேலை, சமையல், சலவை ஆகியவற்றைத் தவிர வேறு பிழைப்பு மறுக்கப்பட்ட பெண்களுக்கு இது புதிய வாசலாக அமைந்தது. வெள்ளையரின் வீட்டுப் பின்வாசலில் நின்று கூலி வாங்கியவர்கள், தம் இனப் பெண்களின் வீட்டு முன்வாசல் வழியே தொழிலறிந்தவர்களாக நுழைந்தனர். எசமானி சினந்தால் வேலை போய்விடும் என்ற அச்சம் நீங்கியது. அந்த அச்சம் நீங்கிய இடத்தில் அரசியல் பேச முடிந்தது.

கறுப்பினச் சமூகத்தின் ஆண் தலைமையும் அவரை எளிதில் ஏற்கவில்லை. 1912இல் சிகாகோவில் நடந்த தேசிய நீக்ரோ வணிகர் கழக மாநாட்டில், அதன் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அவருக்குப் பேச வாய்ப்பளிக்கவில்லை. தலைமுடித் தொழில் வெள்ளையரின் அழகைப் போலி செய்வது என்று அவர் கருதினார். மாநாட்டின் இறுதி நாளில் வாக்கர் அழைப்பின்றியே எழுந்து நின்றார். பருத்திக் காட்டிலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து சமையற்கட்டுக்கும் சென்று, இறுதியில் தமக்குச் சொந்தமான மண்ணில் தொழிற்கூடம் எழுப்பியதை அவையறியச் சொன்னார். அடுத்த ஆண்டு அதே கழகம் அவரை முறையாக மேடையேற்றியது.

1917 ஜூலையில், அவர் ஒருகாலத்தில் துணி துவைத்த செயின்ட் லூயிஸுக்கு எதிர்க்கரையிலுள்ள கிழக்கு செயின்ட் லூயிஸில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களைப் படுகொலை செய்தன. அம்மாதம் 28ஆம் நாள் நியூயார்க்கில் ஆயிரக்கணக்கானோர் மௌனப் பேரணி சென்றனர். ஆகஸ்ட் 1 அன்று ஹார்லெம் தலைவர்களோடு வாக்கரும் வெள்ளை மாளிகைக்குச் சென்றார். குடியரசுத் தலைவர் வில்சன் அவர்களைச் சந்திக்கவில்லை. சில வாரங்களில் பிலடெல்பியாவில் வாக்கர் முகவர்களின் முதல் தேசிய மாநாடு கூடியது. 200க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றனர். அதிகம் விற்றவர்களுக்கு மட்டுமின்றி, தம் ஊரின் நற்பணிகளுக்கு அதிகம் கொடுத்தவர்களுக்கும் பரிசு வழங்கப்பட்டது. கும்பல் படுகொலையைத் தடுக்கச் சட்டம் இயற்றுமாறு அம்மாநாடு வில்சனுக்குத் தந்தி அனுப்பியது. கும்பல் படுகொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் 2022இல்தான் நிறைவேறியது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

தீராத கேள்வி

வாக்கர் மீதான முதன்மையான விமர்சனத்தை ஒதுக்கிவிட முடியாது. சுருள்முடியை நேராக்கும் வழக்கம் அவருடைய தொழிலால் பெருகியது. தாம் விற்பது முடியை நேராக்கும் பொருள் அன்று, தலைத்தோலை நலமாக்கும் பொருள் என்று அவர் வலியுறுத்திவந்தார். ஆயினும் சூடேற்றிய சீப்பும் அவரது முறையின் ஓர் அங்கமாகவே இருந்தது. ஆதிக்கச் சமூகத்தின் அழகு அளவுகோலை முழுமையாக நிராகரிக்காமலே, அதற்குள் கறுப்பினப் பெண்களுக்கு ஓரிடம் தேடியவர் அவர்.

ஆனால் ஓர் எல்லையை அவர் கடக்கவில்லை. நல்ல இலாபம் தரக்கூடிய தோல் வெளுப்புக் களிம்புகளைத் தம் வாழ்நாளில் அவர் விற்கவில்லை. அவர் மறைந்த பிறகு, 1920களில்தான் அவரது நிறுவனம் அத்தகைய களிம்பு ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நிறுவனர் மறுத்ததை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஒடுக்கப்பட்டோர் தொடங்கிய தொழிலாயினும், அதைச் சந்தையின் விதிக்கு மட்டும் விட்டுவிட்டால் எங்கே போய்ச்சேரும் என்பதற்கு இது ஒரு பாடம்.

1919 மே மாதம், கும்பல் படுகொலைக்கு எதிரான நிதிக்காக, கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய தேசிய சங்கத்திற்கு 5,000 டாலர் அளிப்பதாக வாக்கர் அறிவித்தார். அதுவரை தனியொருவரிடமிருந்து அச்சங்கம் பெற்ற நன்கொடைகளில் அதுவே பெரியது. அதே மாதம் 25ஆம் நாள், ஹட்சன் ஆற்றங்கரையில் கறுப்பினக் கட்டடக் கலைஞர் வெர்ட்னர் டேண்டி வடிவமைத்த தம் மாளிகையில், 51ஆம் வயதில் சிறுநீரகக் கோளாறால் மறைந்தார். நிறுவனத்தின் எதிர்கால நிகர இலாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு அறப்பணிகளுக்குச் சேர வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார்.

அவர் மறைந்து சரியாக 100 ஆண்டுகளுக்குப் பின், 2019இல், கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. கறுப்பின மக்கள் தம் இயல்பான சுருள்முடியோடும் பின்னல்களோடும் பணியிடத்திற்கும் பள்ளிக்கும் வருவதைத் தடை செய்யக்கூடாது என்கிறது அச்சட்டம். ஒரு நூற்றாண்டு கழித்தும் தலைமுடிக்குச் சட்டப் பாதுகாப்பு தேவைப்பட்டது என்றால், இழிவின் வேர் முடியிலோ தோலிலோ இல்லை, பார்ப்பவரின் அதிகாரத்தில் இருக்கிறது என்பது தெளிவு. எந்தக் களிம்பாலும் அந்த நோயைத் தீர்க்க முடியாது. வாக்கர் இதை அறிந்திருந்தார் என்பதற்கு அவர் பணம் சென்ற இடங்களே சான்று. தலைக்களிம்பில் ஈட்டியதை அவர் முகவர்களின் மாநாட்டுக்கும் படுகொலைக்கு எதிரான போராட்டத்திற்கும் கொண்டுசென்றார். அவர் விற்ற பொருளைப் பற்றிய விவாதம் தொடரட்டும். அதில் ஈட்டியதை அவர் எதற்குச் செலவிட்டார் என்பதில் விவாதத்திற்கு இடமில்லை.