வானநூல் வல்லார் சாமந்த சந்திரசேகரர்

கலிங்க நாட்டிற்குப் பணியின் பொருட்டு வந்து குடியேறிய நாம், பூரி ஜகந்நாதர் திருக்கோயிலைப் பலமுறை தரிசித்திருக்கிறோம். அக்கோயில் வழிபாடுகளுக்கு நாளும் நேரமும் குறிக்கும் பஞ்சாங்கத்தைத் திருத்தித் தந்த பெரியாரை நம்மில் பலர் அறியோம். அவரே சாமந்த சந்திரசேகரர்.

அவர் 1835-ஆம் ஆண்டில் கண்டபடா சமஸ்தானத்து அரச குடும்பத்தில் பிறந்தார். முன் பிறந்த மக்களை இழந்த பெற்றோர், இக்குழந்தையேனும் நிலைக்கட்டும் என்று இசுலாமியர் ஒருவருக்கு விற்றதாகப் பாவித்துப் பட்டாணி என்று அழைத்தனர் என்பர். நம்மவர் பிச்சை என்று பெயரிடுவது போன்றதே இது.

வடமொழி நூல்களில் வானக் கணிதம் பயின்ற அவர், இளமையிலேயே கணக்கை வானத்தோடு ஒத்துப் பார்த்தார். கணக்கு ஓரிடம் காட்டிற்று. கோள் வேறோரிடத்தில் நின்றது. இருப்புப்பாதைப் பணியிலுள்ள எமக்கு இது புதிதன்று. அட்டவணை எந்நேரம் கூறினும், வண்டி வந்து நின்ற நேரத்தையே ஏட்டில் எழுதுகிறோம். சாமந்தரும் முன்னோரிடம் மதிப்புக் குறையாமலே, கண்ணாற் கண்டதைக் கொண்டு கணக்கைத் திருத்தினார்.

அவரிடம் தொலைநோக்கி இல்லை. ஒரு கோலின் முனையில் குறுக்குச் சட்டம் பொருத்தி, அதில் வெட்டுகள் இட்டு, கோண அளவுகளைக் கண்டறிந்தார். மானயந்திரம் என்பது அதன் பெயர்.

புதனும் வெள்ளியும் கணிப்போரை மயக்கும் கோள்கள். புதன் கதிரவனை விட்டு ஏறக்குறைய 28 பாகைக்கு மேலும், வெள்ளி 47 பாகைக்கு மேலும் விலகுவதில்லை. ஆதலின் அந்தியில் மேற்கிலோ விடியலில் கிழக்கிலோ சில நாழிகையே தோன்றும். ஐந்து கோள்களும் கதிரவனைச் சுற்ற, கதிரவன் புவியைச் சுற்றுவதாகச் சாமந்தர் கொண்டார். புவி இயங்குவதை அவர் ஏற்காதது பிழையே. ஆயினும் அவ்விரு கோள்களும் கதிரவனை விட்டு அகலாமைக்கு அக்கொள்கை காரணம் காட்டிற்று.

1874 டிசம்பர் 9-ஆம் நாள் வெள்ளி கதிரவனின் குறுக்கே கடந்தது. அதனைக் காண இத்தாலிய அறிஞர் குழு ஒன்று கருவிகளுடன் வங்காளத்தில் வந்து தங்கியிருந்தது. சாமந்தர் அந்நிகழ்ச்சியைத் தம் நூலில் பதிவு செய்து, வெள்ளியின் வட்டம் கதிரவனின் வட்டத்தில் 32-இல் ஒரு பங்கு என்றார். இன்றைய கணக்கும் ஏறக்குறைய அதுவே.

ஓலையில் எழுதிய அவருடைய சித்தாந்த தர்ப்பணம், கட்டாக் நகரப் பேராசிரியர் யோகேச சந்திர ராயின் முன்னுரையுடன் 1899-இல் கல்கத்தாவில் அச்சேறியது. 1893-இல் மகாமகோபாத்தியாயர் பட்டம் பெற்ற அப்பெரியார் 1904-இல் மறைந்தார். புவனேசுவரத்துக் கோளரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அடுத்த முறை பூரிக்குச் செல்லும்போது நம் பிள்ளைகளை அங்கும் அழைத்துச் செல்வோம். அதற்குமுன் ஒருநாள் விடியலில் அவர்களை எழுப்பி, விடிவெள்ளியைக் காட்டுவோம்.